ஒரே குன்றுக்குள் மூன்று சுரங்கம்! பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்கள் நடுவே ஒரு சைக்கிள் பாதை

[திரையில்: பைன் மரங்கள் நிற்கும் ஒரு சின்னக் குன்று]

வணக்கம் மக்களே! இந்தக் குன்றைப் பாருங்கள். தெற்கு பிரான்ஸில், பெசியே நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்க ஒன்றுமே இல்லாத குன்று. ஆனால் இதன் வயிற்றுக்குள் மூன்று சுரங்கங்கள் ஓடுகின்றன. ஒன்றை 13ஆம் நூற்றாண்டில் தோண்டினார்கள், அதில் வடிகால் நீர் போகிறது. இன்னொன்றை 17ஆம் நூற்றாண்டில் தோண்டினார்கள், அதில் படகு போகிறது. மூன்றாவது 19ஆம் நூற்றாண்டு, அதில் ரயில். மூன்றுக்கும் மேலே சைக்கிளில் யார் வேண்டுமானாலும் போகலாம், டிக்கெட் கிடையாது. குன்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அங்கே போய்ச் சேரும் வழியைப் பார்த்துவிடுவோம்.

[திரையில்: வரைபடம், துலூஸ் முதல் தோ ஏரி வரை]

வரலாறு முப்பது விநாடியில். இந்தச் சைக்கிள் பாதை ஒரு கால்வாயின் கரையில் போகிறது. கால்வாயின் பெயர் கனால் து மிதி. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ ஏரி வரை 240 கிலோமீட்டர். பதினான்காம் லூயி 1666இல் ஆணை போட்டார், 1681இல் படகு ஓடியது. கட்டியவர் பியேர் போல் ரிகே. தொழில்முறைப் பொறியாளர் இல்லை, அரசனுக்காக உப்பு வரி வசூலித்தவர். அறுபதை நெருங்கும் வயதில் வேலையைத் தொடங்கி, சொந்தப் பணத்தையும் கொட்டி, திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு 1680இல் இறந்துபோனார். மழை நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தொழிலாளிக்குக் கூலி கொடுத்த மனிதர். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். சரி, வரலாறு முடிந்தது.

இனி சைக்கிள். எந்தப் பக்கமிருந்து கிளம்புவது? என் கட்சி துலூஸ். காரணம் காற்று. ஓட் மாவட்டத்தில் வடமேற்கிலிருந்து கடலை நோக்கி 'செர்ஸ்' என்றொரு காற்று வீசும். அது முதுகில் தள்ளினால் மிதிக்காமலேயே சைக்கிள் போகிற மாதிரி இருக்கும், எதிரே வந்தால் அழுகை வரும். தென்கிழக்கிலிருந்து 'ஓத்தான்' என்று இன்னொரு காற்றும் வரும். அது வந்தால் உங்கள் தலைவிதி, என்னைத் திட்டாதீர்கள்.

துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் தார்ப்பாதை. வழவழவென்று இருக்கும், கொஞ்சம் போரடிக்கும். பாதிக்கு மேல் நெடுஞ்சாலை இரைச்சல் கூடவே வரும். முடிவில் போர் லோராகே என்ற இடம் வேடிக்கை: நெடுஞ்சாலை ஓய்விடமும் படகுத் துறையும் ஒன்றாகவே இருக்கின்றன. லாரி டிரைவர், படகுக்காரர், சைக்கிள்காரர் மூவரும் ஒரே இடத்தில் காபி குடிக்கிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நவ்ரூஸ். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர், கால்வாயின் உச்சி இதுதான். துலூஸிலிருந்து இங்கே ஏறி வந்தது அறுபது மீட்டர்கூட இல்லை. தொடைக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ரிகேக்கு இதுதான் தலைவலி. உச்சியிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிவிடும், படகை ஏற்றி இறக்கும் தொட்டியான லாக்கின் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போகும். அப்படியானால் உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அவர் கறுப்பு மலையின் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பினார். சேன் ஃபெரியோல் என்ற இடத்தில் பெரிய அணை கட்டித் தேக்கினார். அங்கிருந்து இந்த உச்சிக்குக் கொண்டுவந்து, பாதி அட்லான்டிக் பக்கம், பாதி மத்தியதரைக் கடல் பக்கம் என்று பிரித்து விட்டார். மூன்றரை நூற்றாண்டாக அதே தண்ணீர் ஏற்பாடுதான் ஓடுகிறது. நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

[திரையில்: மண் பாதை, மர வேர்கள்]

நவ்ரூஸ் தாண்டினால் தார் முடிந்தது. இனி இது பழைய கரைப்பாதை, குதிரைகள் படகைக் கயிறு கட்டி இழுத்துப்போன வழி. சரளை, மண், வேர். மழை பெய்தால் சேறு. மெல்லிய ரேஸ் டயர் மாட்டி வந்தவர்கள் இங்கேதான் இறங்கித் தள்ளுகிறார்கள். நாற்பது மில்லிமீட்டர் டயர், இரண்டு டியூப், பஞ்சர் கிட். இதில் பேரம் இல்லை.

கார்கசோன் கோட்டையைப் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது இது: ரிகே காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் பணம் தர மறுத்தார்கள், கால்வாய் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. பிறகு வருந்தி, ஊருக்குள் திருப்பிக்கொள்ள 1810 ஆகிவிட்டது. கஞ்சத்தனத்துக்கு நூற்றுச் சொச்சம் வருட வட்டி.

இப்போது ஒரு வருத்தமான சமாச்சாரம். இணையத்தில் பார்க்கும் படங்களில் இரு கரையிலும் பிளேன் மரங்கள் குகை மாதிரி கவிந்திருக்கும் இல்லையா? அப்படி 42,000 மரங்கள் இருந்தன. ஒரு பூஞ்சை நோய் 2006இல் இந்தக் கரையில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகை வழியாக பிரான்ஸுக்குள் வந்த நோய் என்கிறார்கள். வேரிலிருந்து வேருக்கும், தண்ணீரிலும், படகு உரசும் இடத்திலும் பரவுகிறது. மருந்து இல்லை. வெட்டி எரிப்பதுதான் வழி. பாதிக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. புதுக் கன்றுகளை நட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் அவை நிழல் தர நாளாகும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் பழைய படங்களை நம்பித் தொப்பி இல்லாமல் போகாதீர்கள். மே அல்லது செப்டம்பர் என் பரிந்துரை. செப்டம்பரில் அறுவடை, திராட்சை ஏற்றிய டிராக்டருக்கு வழி விட்டு விட்டே நாள் போய்விடும்.

[திரையில்: திராட்சைக் கொடிகள், கூட்டுறவு ஒயின் கட்டடம்]

கார்கசோன் கடந்தால் மினெர்வா ஒயின் பகுதி. இங்கே ஊருக்கு ஊர் ஒரு பெரிய கட்டடம் தேவாலயத்துக்குப் போட்டியாக நிற்கும். கூட்டுறவு ஒயின் சங்கம். பலவற்றில் பெட்ரோல் பங்க் மாதிரியே குழாயும் கைப்பிடியும் மீட்டரும் வைத்து, நீங்கள் கொண்டுபோகும் கேனில் லிட்டர் கணக்கில் ஒயின் நிரப்பித் தருகிறார்கள். சத்தியமாக. 

ஏன் இத்தனை சங்கங்கள்? கால்வாய்க் கரைக்குப் பக்கத்து ஊர் ஆர்ஜெலியே. 1907இல் ஒயின் விலை பாதாளத்துக்குப் போனது. விளைச்சல் அதிகம், போதாததற்குச் சர்க்கரை கலந்த போலி ஒயின் வேறு. இந்த ஊரில் சின்ன காபிக் கடை வைத்திருந்த மார்சலன் அல்பேர் என்பவர் 87 விவசாயிகளோடு மார்ச் மாதம் போராடக் கிளம்பினார். ஜூனில் மோன்பெலியே நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடினார்கள். நார்பொனில் ராணுவம் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அக்த் ஊரிலிருந்த 17ஆவது காலாட்படையின் சிப்பாய்கள் இந்த விவசாயிகளின் பிள்ளைகள். ஆயுதத்தோடு கலகம் செய்து பெசியேவுக்கு நடந்தே வந்துவிட்டார்கள்! பிறகு பிரதமர் கிளெமான்சோ அல்பேரைச் சந்தித்து, ஊர் திரும்ப ரயிலுக்கென்று நூறு பிராங்க் கொடுத்தார். அதைப் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். அந்த நூறு பிராங்கோடு அல்பேரின் பெயர் கெட்டது. ஆனால் போலி ஒயினுக்கு எதிரான சட்டம் அதே ஜூனில் வந்தது. அதன் பிறகு சங்கங்கள் பெருகின.

ஒரு எச்சரிக்கை: சைக்கிள்தானே என்று நினைக்காதீர்கள். பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பதே வரம்பு. ருசி பார்த்துத் துப்பத் தொட்டி வைத்திருப்பார்கள், துப்புவது அங்கே அவமரியாதை இல்லை. தவிர, ஒரு பக்கம் தண்ணீர் என்பதை மறக்கவேண்டாம். இன்னொன்று, பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கிராமத்தில் கடை, சங்கம் எல்லாம் மூடிவிடும். ரொட்டியைக் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில்: மீண்டும் அந்தக் குன்று, உள்ளே வெட்டிக் காட்டும் படம்]

வந்தாச்சு. ஆன்செருன் குன்று. கால்வாய் நேரே வந்து இதன் மேல் முட்டுகிறது. பாறை உதிரும் வகை, தோண்டினால் இடிந்துவிடும் என்று பயம். எதிரிகள் பாரிஸுக்கு எழுத, அமைச்சர் கொல்பேர் வேலையை நிறுத்தச் சொன்னார். கதை என்னவென்றால், ரிகே வெளியே கைகட்டி நின்றார், உள்ளே அவருடைய மேஸ்திரி பஸ்கால் து நிசான் ரகசியமாகத் தோண்டிக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்துக்குள் மறுபக்கம் வெளிச்சம் வந்துவிட்டது. அந்த வாரக் கணக்கை நான் முழுசாக நம்பவில்லை, ஆனால் 1679இல் மல்பாஸ் சுரங்கம் முடிந்தது உண்மை. படகு போவதற்காகத் தோண்டிய கால்வாய்ச் சுரங்கங்களில் உலகிலேயே முதலாவது. நீளம் நூற்று அறுபது மீட்டர் சொச்சம்தான்.

அதற்கும் கீழே ரயில். பெசியே, நார்பொன் இடையே ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் தலைக்கு மேல் படகு போவது தெரியும்?

மிச்சமிருக்கும் வடிகால் சுரங்கம்தான் என் செல்லம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே, பழைய குடியிருப்பு இருந்த உச்சிக்கு ஏறுங்கள். கீழே மோந்தாடி தெரியும். வட்டமான ஒரு பெரிய பூமி, நடுவிலிருந்து சூரியக் கதிர் போல வரப்புகள். முன்பு இது சதுப்பு ஏரி. 1247இல் நார்பொன் பேராயரிடம் அனுமதி வாங்கி வற்ற வைத்தார்கள். வெட்டிய வாய்க்கால்கள் எல்லாம் நடுவுக்கு ஓடிவரும், அங்கே சேர்ந்த தண்ணீர் வெளியேற வழி? குன்றைத் துளைத்து 1,300 மீட்டருக்கும் மேல் நிலத்தடிச் சுரங்கம்! ரிகேவுக்கு நானூறு வருடம் முன்பு, யார் என்றே பெயர் சொல்ல முடியாத ஆட்கள். ரிகேவுக்குச் சிலை இருக்கிறது. இவர்கள் தோண்டியது இன்றும் வடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கேட்டால் ரிகேவின் சிலைக்குப் பக்கத்தில் இவர்களுக்கும் ஒரு பீடம் வைக்கலாம், காலியாகவே இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து ஃபோன்செரான். எட்டுத் தொட்டிகள் படிக்கட்டாக, 21 மீட்டருக்கும் மேல் இறக்கம். படகு ஒவ்வொரு படியாக இறங்குவதை ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். பக்கத்தில் 1980களில் கட்டிய நவீன இயந்திரம் ஒன்று செத்துக் கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டுத் தொட்டிகள் வேலை செய்கின்றன. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பெசியே, அக்த், கடைசியில் தோ ஏரி. அங்கே சிப்பி வளர்க்கிறார்கள். கரையிலேயே உட்கார்ந்து ஒரு தட்டுச் சிப்பியும் பக்கத்து வயலின் பிக்புல் வெள்ளை ஒயினும். சிப்பி சாப்பிடாதவர்களுக்கு எலுமிச்சையும் ரொட்டியும் இருக்கிறது, கவலை வேண்டாம். திரும்புவதற்குச் செத் அல்லது அக்திலிருந்து துலூஸ் பக்கம் பிராந்திய ரயில், சைக்கிளையும் ஏற்றலாம். கோடையில் இடம் நிரம்பிவிடும், காலை வண்டியைப் பிடியுங்கள்.

அடுத்த வீடியோவுக்கு பர்கண்டியா, லோவார் ஆற்றங்கரையா? கமெண்டில் எழுதுங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்கள் இரண்டு முறை சப்ஸ்கிரைப் செய்ய முடியாது, நண்பரின் போனை வாங்கிக்கொள்ளுங்கள்.