மெயிலிங் லிஸ்ட்டா, ஃபோரமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. "எங்க குழுவுல அம்பது பேர் இருக்கோம், ஒரே துறையைப் பத்திப் படிச்சு விவாதிக்கிறோம். மெயிலிங் லிஸ்ட் வச்சுக்கலாமா, ஃபோரம் ஆரம்பிக்கலாமா? மெயிலிங் லிஸ்ட் பழசாயிடுச்சுன்னு சிலர் சொல்றாங்களே"ன்னு கேட்டிருக்காங்க.

மெயிலிங் லிஸ்ட்னா ஒரே முகவரிக்கு அனுப்புனா குழுவுல எல்லாருக்கும் மெயிலாப் போறது; ஃபோரம்னா எல்லாரும் ஒரு தளத்துக்கு வந்து பதிவு போட்டுப் பேசுறது. மெயிலிங் லிஸ்ட் பழசுதான். அதை நடத்துற லிஸ்ட்செர்வ்ங்கிற மென்பொருள் 1986-லயே வந்துடுச்சு. ஆனா லினக்ஸ் இயங்குதளத்தோட மையமான கெர்னல் வேலை இன்னைக்கும் பெரும்பாலும் மெயில்லதான் ஓடுது. நிரல்ல செய்யுற மாற்றத்தை, அதாவது பேட்ச்சையே மெயில்ல அனுப்புறாங்க, மத்தவங்க வரிக்கு வரி கீழேயே பதில் எழுதுறாங்க. அதனால பழசு புதுசுங்கிறதை விடுங்க. உங்க ஆளுங்க தேடி வந்து படிப்பாங்களா, மாட்டாங்களா? அதைத்தான் பாக்கணும்.

மெயிலிங் லிஸ்ட்ல யாரும் எங்கயும் போக வேண்டாம், இன்பாக்ஸுக்கே வந்துடும். ஃபோரம்னா ஆள் வரணும். ஆரம்பத்துல எல்லாரும் வருவாங்க, போகப் போக ரெண்டு மூணு பேர்தான் மிஞ்சுவாங்க. நோட்டிஃபிகேஷன் வருமேன்னு கேப்பீங்க. வரும். லிங்க்கை அமுக்கி, லாகின் கேட்டு, பாஸ்வேர்ட் மறந்துபோயி... அதுக்குள்ள பதில் எழுதுற ஆசையே போயிடும். ஏற்கெனவே அறிமுகமான அம்பது பேருக்கு, என் ஓட்டு மெயிலிங் லிஸ்ட்டுக்குத்தான்.

ஆனா அதுல உள்ள தொல்லையையும் சொல்லிடறேன். ஒருத்தர் புது விஷயம் ஆரம்பிக்கணும். லிஸ்ட்டோட முகவரி ஞாபகமில்ல. பழைய மெயில் ஒண்ணைத் திறந்து ரிப்ளை அமுக்கி, சப்ஜெக்ட்டை மட்டும் மாத்தி அனுப்புறாரு. பாக்கப் புதுசா இருக்கும். உள்ள 'இன்-ரிப்ளை-டு'ன்னு ஒரு ஹெடர், அதாவது மெயிலோட மறைஞ்சு போற குறிப்பு இருக்கு பாருங்க, அது பழைய மெயிலைத்தான் காட்டும். அதை வச்சு அடுக்குற மெயில் செயலியில, பழைய மெயிலைச் சேத்து வைக்கிற ஆர்க்கைவ்ல எல்லாம் இவரோட கேள்வி சம்பந்தமே இல்லாத விவாதத்துக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். அன்னன்னைக்கு வந்த மெயிலையெல்லாம் ஒரே மெயிலா, டைஜெஸ்ட்டா வாங்குறவங்க இன்னும் மோசம். ஒரு வரி பதில் எழுதிட்டு, அன்னைக்கு வந்த மொத்த டைஜெஸ்ட்டையும் கீழே ஒட்டி அனுப்பிடுவாங்க! ஃபோரம்ல இந்தக் கூத்து கிடையாது. தப்பான இடத்துல போட்டா, ஃபோரத்தைக் கவனிச்சுக்கிற மாடரேட்டர் எடுத்துச் சரியான இடத்துல வச்சிடுவாரு.

இன்னொண்ணு. 2014 ஏப்ரல்ல யாஹூ தன்னோட டிமார்க் கொள்கையை, அதாவது தன் முகவரியில போலி மெயில் போகாம தடுக்குற விதியை இறுக்கிச்சு. அவங்க முகவரியிலேருந்து லிஸ்ட்டுக்குப் போட்ட மெயில் மத்தவங்களுக்குப் போறப்ப, போலின்னு நெனச்சுப் பல சர்வர்கள் திருப்பி அனுப்பிடுச்சு. அதுக்கப்புறம்தான் நிறைய லிஸ்ட்டுகள்ல அனுப்புனவர் இடத்துல லிஸ்ட்டோட முகவரி வர ஆரம்பிச்சுது. நீங்க லிஸ்ட் வச்சா இதையெல்லாம் கவனிக்க ஒரு ஆள் வேணும்.

தப்பா அனுப்புனதை அப்புறம் அழிக்க முடியுமான்னும் கேட்டிருக்கீங்க. லிஸ்ட்ல போன் நம்பரைத் தெரியாம அனுப்பிட்டா போனது போனதுதான், அம்பது இன்பாக்ஸ்லயும் இருக்கும். ஃபோரம்ல நீக்கிடலாம். ஆனா இதே விஷயம் மறுபக்கமும் வேலை செய்யும். இந்த மாதிரி குழுக்களுக்கு இடம் குடுத்த யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர்ல மொத்தமா மூடுறதுக்கு முன்னாடியே தளத்துல இருந்த பழைய பதிவுகளையெல்லாம் எடுத்துட்டாங்க. மெயிலா வாங்கி வச்சிருந்தவங்க கையில பிரதி இருந்துச்சு. ஃபோரம் சர்வர் போச்சுன்னா, பேக்கப் இல்லேன்னா எதுவும் மிஞ்சாது.

நாளைக்கு முகம் தெரியாத புதுப் புது ஆளுங்க வந்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கப் போறாங்கன்னா, அப்ப ஃபோரம்தான். பழைய பதிலோட லிங்க்கைக் குடுத்துட்டுப் போயிடலாம். பைத்தான் நிரல்மொழியை உருவாக்குற ஆளுங்களே 2022-ல மைய விவாதத்தை மெயில்லேருந்து டிஸ்கோர்ஸ்ங்கிற ஃபோரம் மென்பொருளுக்கு மாத்திட்டாங்க. டிஸ்கோர்ஸ்ல மெயில்லயே படிச்சு, மெயில்லயே பதில் போடுற வசதியும் இருக்கு, அட்மின்தான் அதை இயக்கி வைக்கணும். அதுக்குப் போறதா இருந்தா, மெயிலை விட்டு நகரவே மாட்டேங்கிற ரெண்டு பேரை முதல்ல சேத்து, அவங்க பதில் ஒழுங்கா வந்து விழுதான்னு பாத்துட்டு மத்தவங்களைக் கூப்பிடுங்க.