8 ஜிபி ராம், 20 ஜிபி எக்ஸ்எம்எல் ஃபைல்... லேப்டாப் தாங்குமா மக்களே?

மக்களே, பைத்தான்ல எக்ஸ்எம்எல் படிக்கிற எலிமெண்ட்ட்ரீ லைப்ரரிய எடுத்து ‘பார்ஸ்’னு ஒரு வரி போட்டு 20 ஜிபி ஃபைல குடுத்துப் பாருங்க, மவுஸ் நகராது, ஃபேன் கெடந்து கத்தும், கடைசில ‘கில்ட்’னு வந்து புரோகிராம் செத்து நிக்கும். அதே லேப்டாப்ல அதே ஃபைல இப்ப படிக்கப் போறோம்.

எக்ஸ்எம்எல்னா தகவல பேர் போட்ட பெட்டிக்குள்ள பெட்டியா அடுக்கி எழுதுற ஃபைல் வடிவம், ஒவ்வொரு பெட்டியும் ஒரு எலிமெண்ட். 1998ல வெப்புக்கு விதிமுறை வகுக்குற டபிள்யூ3சி குடுத்தது, வரலாறு அது போதும்.

ஃபைல் ஓபன்ஸ்ட்ரீட்மேப்போடது, அதாவது யாரு வேணும்னாலும் சேத்துத் திருத்தலாம்ங்கற இலவச உலக மேப். நமக்கு வேண்டியது குமரி மாவட்டத்து குளங்க மட்டும். ‘பார்ஸ்’ என்ன செய்யும்னா மொத்த ஃபைலயும் மரமாக்கி ராம்ல ஏத்தும், அது ஃபைல் சைஸ விட பல மடங்கு வீங்கும். ஒரு முழம் பிச்சிப்பூவுக்காக தோவாளை மார்க்கெட்டுக்கு வந்த மூட்டை அம்புட்டையும் வீட்டு முற்றத்துல கொட்டுவியளா? மார்க்கெட் வாசல்ல நின்னு வர்ற மூட்டைய பிரிச்சுப் பாத்து, வேணும்னா எடுத்துட்டு விட்டுருவோம்லா? அதுதான் ‘ஐட்டர்பார்ஸ்’.

[ஸ்க்ரீன்ல பைத்தான் கோடு]

இங்கதான் ரசமான விஷயம். வேலை முடிஞ்ச எலிமெண்ட்ட ‘கிளியர்’ பண்ணுறோம், ஆனாலும் ராம் ஏறிட்டே இருக்கும், ஏன்? பூவத்தான் கொட்டினோம், வெறும் சாக்க ரூட், அதான் எல்லாத்துக்கும் வெளிய இருக்க பெரிய எலிமெண்ட், விடாம பிடிச்சு வச்சிருக்கு, கோடிக்கணக்குல வெறும் சாக்கு! ஐட்டர்பார்ஸ் ஒரு எலிமெண்ட் தொடங்கினா ஸ்டார்ட் ஈவெண்ட், முடிஞ்சா எண்ட் ஈவெண்ட்னு சொல்லும். அதனால ஸ்டார்ட் ஈவெண்ட்ல மொதல்ல வர்ற ரூட்ட ஒரு வேரியபிள்ல வச்சுட்டு ‘ரூட் கிளியர்’ போடணும். அதுவும் நோடு, வே, ரிலேஷன் இதுங்க முடியுற எண்ட் ஈவெண்ட்ல மட்டும். மேப்ல நோடுன்னா ஒரு புள்ளி, வேன்னா புள்ளிகள கோத்த வரி, ரிலேஷன்னா இதுங்களோட கூட்டம். உள்ள பேரு, வகை சொல்லுற ‘டேக்’ முடியும்போதே அதையும் தொடச்சுட்டா, வே முடியுறப்போ குளத்துக்கு பேரே இருக்காது.

எழுத்து அமைப்ப வச்சுத் தேடுற ரெஜெக்ஸ் போதுமேன்னு கமெண்ட்ல ஒருத்தர் வருவாரு, எனக்குத் தெரியும். எலிமெண்ட்டுக்குள்ள இருக்க ஐடி மாதிரி ஆட்ரிப்யூட் வரிசை மாறினா, டபுள் கோட் சிங்கிள் கோட் ஆனா காலி, அம்புட்டுதான் அண்ணே. மரத்துல வழி சொல்லித் தேடுற எக்ஸ்பாத் சின்ன ஃபைலுக்கு அருமை, அது தனி வீடியோ.

இப்ப சிக்கல். குளம் பெரும்பாலும் ‘வே’ல இருக்கும், ஆனா வேக்குள்ள நோடோட ஐடி மட்டும்தான், அட்சரேகை தீர்க்கரேகை நோடுலதான் இருக்கு, அந்த நோடெல்லாம் ஃபைல்ல முன்னாடியே வந்து போயிரும், நாமளும் தொடச்சாச்சு. அப்போ குமரிக் குளம்னு எப்பிடி கண்டுபிடிக்க? ரெண்டு தடவ ஓட்டணும். மொத ஓட்டத்துல ‘நேச்சுரல் வாட்டர்’ டேக் உள்ள வேக்குள்ள இருக்க நோடு ஐடிகள சேருங்க, அடுத்த ஓட்டத்துல அந்த நோடுகளோட இடத்த மட்டும் எடுங்க. ஐடிகள லிஸ்ட்ல போட்றாதீங்க, ஒவ்வொரு நோடுக்கும் லிஸ்ட்ட முழுசா தேடி விடிஞ்சிரும். செட்ல போடுங்க, கேட்ட ஒடனே பதில் வரும்.

மாவட்டத்துக்கு சும்மா ஒரு சதுரக் கட்டம் போட்டா பக்கத்து கேரளாவுல இருக்க பாறசாலைக்காரங்க குளமும் உள்ள வந்துரும், சண்டை வந்தா என்ன கூப்பிடாதீங்க. மாவட்ட எல்லைய வச்சு வடிகட்டுற பைத்தான் கோடு டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. ஓட்டிப் பாத்துட்டு உங்க ஊரு குளம் மேப்ல விட்டுப்போயிருந்தா பேர கமெண்ட்ல போடுங்க, நாமளே சேத்துருவோம்.