ஊர் ஊராக ஒரே பாட்டு

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் கார் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்த ஊரில் ரேடியோவைத் திருகினாலும் கிளாசிக் ராக், அதாவது பழைய ராக் பாட்டுகள், போடும் ஒரு எஃப்.எம். சிக்கும், அதில் லெட் செப்பெலின், ஈகிள்ஸ் மாதிரி ஏதாவது ஒரு பழைய ராக் குழு ஓடிக்கொண்டிருக்கும். பாட்டை வைத்து அது எந்த ஊர் நிலையம் என்று சொல்லிவிட முடியாது.

இத்தனைக்கும் ராக் எஃப்.எம். பிறந்ததே இதற்கு நேர்மாறாகத்தான். 1960களில் எஃப்.எம். சீந்துவாரில்லாமல் கிடந்தது, பழைய வகை வானொலியான ஏ.எம்.மின் நிகழ்ச்சிகளையே அதிலும் ஒலிபரப்பினார்கள். பெரிய நகரங்களில் முழுநேரமும் அப்படிச் செய்யக்கூடாது என்று அரசு விதி போட்டதும், வேறு எதையாவது போட்டு நேரத்தை நிரப்பியாக வேண்டிய கட்டாயம். 1967ல் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் டாம் டானஹ்யூ என்ற அறிவிப்பாளர், ஏ.எம்.காரர்கள் தொடாத நீளப் பாட்டுகளை ஆல்பத்திலிருந்து எடுத்து மனம்போல் போட்டார், அது பிடித்துக்கொண்டது. 1971ல் வந்த லெட் செப்பெலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' எட்டு நிமிடப் பாட்டு, அன்று அமெரிக்காவில் சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாகக்கூட வெளிவரவில்லை, அதை வீடு வீடாகக் கொண்டுபோனது இந்த எஃப்.எம். நிலையங்கள்தான்.

1980களின் நடுவில், பழைய ராக் மட்டுமே போடும் நிலையங்கள் தனி வகையாகக் கிளம்பின. கூடவே பரிசோதனையும் வந்தது. நேயர்களை ஒரு அரங்கில் உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டிலும் சில நொடித் துண்டை ஓடவிட்டு மதிப்பெண் கேட்பார்கள், தேறாத பாட்டுக்கு வேலையில்லை. முன்பே பழகிய பாட்டுதானே சில நொடியில் பிடிக்கும்! அதனால் எந்த ஊரில் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் தேறுகிறது.

சரி, பாட்டு ஒன்றாகவே இருக்கட்டும், எனக்கு அதில்கூடப் பெரிய வருத்தமில்லை, நடுவில் பேசுகிறவர் உள்ளூர்க்காரராக இருந்து எந்தப் பாலத்தில் நெரிசல், நேற்று நம்ம அணி எப்படிச் சொதப்பியது என்று சொன்னால் போதும். 1996ல் ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியது, கிளியர் சேனல் என்ற வானொலி நிறுவனம் ஆயிரத்துக்கும் மேல் சேர்த்தது. அப்புறம் எங்கோ உட்கார்ந்து ஒருவர் பேசிப் பதிவு செய்வதைப் பல ஊர்களில் ஓடவிடும் பழக்கம் பரவியது. மழை பெய்வதுகூடத் தெரியாத குரல் அது.

ஒரு விதிவிலக்கும் உண்டு. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று இதே நிலையங்கள் பலவும் நாட்டுப்புறப் பாடகர் ஆர்லோ கத்ரியின் 'ஆலிஸஸ் ரெஸ்டாரண்ட்' பாட்டைப் போடுகின்றன. குப்பையைக் கண்ட இடத்தில் கொட்டி போலீஸிடம் மாட்டிய கதை, பதினெட்டு நிமிடத்துக்கும் மேல், பாதிக்குமேல் வெறும் பேச்சு. எந்த அரங்கிலும் தேறாது, ஆனாலும் வருடா வருடம் முழுசாக ஓடுகிறது.