பந்தயம் என்றால் மலைதான்

நடுவர் அவர்களுக்கும் மயிலாப்பூர் சபையோருக்கும் வணக்கம். "கார் பந்தயத் தடத்தின் பெருமை மலையிலா, சமவெளியிலா?" இதுதான் தலைப்பு. நான் மலைக்காகப் பேச வந்தவன். ஆனால் எதிரணித் தம்பிக்கு முதலில் ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

அவர் என்ன சொன்னார்? "ஆஸ்திரேலியாக்காரன் மலையில் கார் பந்தயம் ஓட்டினால் பாரம்பரியமாம். நம்ம கொல்லிமலை பஸ் டிரைவர் தினமும் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குறாரே, அவருக்கு யார் கோப்பை கொடுத்தாங்க?" நீங்களும் கை தட்டினீர்கள்.

தம்பி, அந்த பஸ்ஸில் நான் போயிருக்கிறேன். இன்ஜின் பானட்டை ஒட்டிய முன் சீட். வளைவு வருவதற்கு முன்பே ஹாரன். அப்புறம் கியரைக் குறைத்து ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கிறார். முன் கண்ணாடியில் ரோட்டையே காணோம், வெறும் பள்ளத்தாக்கு! என் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. அவரோ, மேலே ஒதுங்கி வழிவிட்ட லாரிக்காரருக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வளைவுக்குப் போய்விட்டார். கண்ணுக்குத் தெரியாத ரோடு அவருக்குத் தெரிகிறது. அவருக்குக் கோப்பை கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். திறமையான டிரைவருக்கு உதாரணம் தேடியபோது உங்கள் மனசு ஏன் ஸ்ரீபெரும்புதூர் ஹைவேக்குப் போகவில்லை? நேரே கொல்லிமலைக்கு அல்லவா போனது! எங்கள் அணிக்குப் பேசியதற்கு நன்றி தம்பி.

அந்த டிரைவருக்கு உள்ள அதே சவால்தான் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நகரில், மவுண்ட் பனோரமா தடத்திலும். ஒரு சுற்று 6.213 கிலோமீட்டர், 23 வளைவு. அடிக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். உச்சியில் ஸ்கைலைன் என்ற இடத்தில் ரோடு சட்டென்று கீழே விழும். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். சமவெளியில் தப்பு செய்தால் பல இடங்களில் புல்லில் இறங்கித் திரும்பி வரலாம். இங்கே சுவர்தான் பதில் சொல்லும்.

சோழவரத்தைச் சொன்னார்கள். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் அது. சென்னைக்குப் பந்தயத்தைக் கற்றுக்கொடுத்த மண், வணங்குகிறேன். ஆனால் பந்தயம் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓட்டினார்கள், முடிந்ததும் தடுப்புகளைக் கழற்றிவிட்டார்கள். சமவெளித் தடம் வாடகை வீடு மாதிரி, சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். மலையை எங்கே தூக்கிக்கொண்டு போவீர்கள்?

பாதர்ஸ்ட் மலைக்கே வருகிறேன். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்கள் வெட்டிய சாலை அது. சுற்றுலாச் சாலை என்று 1938-இல் திறந்தார்கள், அதே ஆண்டு பந்தயமும் ஓடியது. இன்றும் பந்தயம் இல்லாத நாளில் அது பொதுச் சாலைதான். யார் வேண்டுமானாலும் போகலாம், 60 கிலோமீட்டர் வேகத்துக்குள். சாலையை ஒட்டி வீடுகள் இருக்கின்றன, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பந்தயம் அவர்கள் வாசலில் நடக்கிறது.

நடுவர் அவர்களே, இப்போது சொல்லப்போவதை மட்டும் மனதில் வையுங்கள். 1980. டிக் ஜான்சன் என்று ஒரு மனிதர். கையில் இருந்ததையெல்லாம் கொட்டி ஒரு ஃபோர்டு ஃபால்கன் காரைத் தயார் செய்து அதே மலையின் 1,000 கிலோமீட்டர் பந்தயத்துக்கு வருகிறார். முன்னணியில் போகிறார். 20 சுற்றுகூட முடியவில்லை. மலையேற்றத்தில் ஒரு பக்கம் பழுதான காரை இழுக்கும் லாரி, மறுபக்கம் ரோட்டில் ஒரு பாறாங்கல். பாறாங்கல் ஐயா! இருந்த இடைவெளியில் புகப் பார்த்தார். கல்லில் ஏறிச் சுவரில் மோதியது கார். எல்லாம் போச்சு. டிவி கேமரா முன்னால் அந்த ஆள் கண் கலங்கி நின்றார்.

நாடே பார்த்தது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது. முகம் தெரியாத ஜனங்கள் "நான் இவ்வளவு தருகிறேன்", "நான் இவ்வளவு தருகிறேன்" என்று கூப்பிட்டார்கள். அவர்கள் தந்ததற்கு ஈடாக ஃபோர்டு கம்பெனியும் தந்தது, நம் மறைமலைநகரில் ஆலை வைத்த அதே ஃபோர்டு. கார் மறுபடி எழுந்தது. அடுத்த வருடம், 1981, அதே மலை. ஜான்சன் ஜெயித்தார்!

அன்றைக்குப் பணம் அனுப்பிய ஒருவருக்கும் அவர் சொந்தமில்லை, ஐயா. மலை அடித்த அடியைப் பார்த்தார்கள், மனசு பொறுக்கவில்லை. ஒரு தடம் ஜனங்களோடு இப்படிப் பிணைந்துவிட்ட பிறகு, எது பெரிது என்று இன்னும் அளக்க வேண்டுமா? தீர்ப்பை மலைக்குத் தாருங்கள். வணக்கம்.