தபால் ஓட்டு: எந்தத் தாள் எந்த உறைக்குள்?

[திரையில்: மேசை மேல் சின்ன உறை, பெரிய உறை, வாக்குச்சீட்டு, உறுதிமொழிப் படிவம்]

வணக்கம். பட்டாளத்திலோ சி.ஆர்.பி.எஃப்.பிலோ பிள்ளை இருக்கிற வீடுகளுக்கும், வயதானவர்கள் இருக்கிற வீடுகளுக்கும்தான் இந்த வீடியோ. யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது உங்கள் பாடு. போட்ட ஓட்டு எண்ணப்படாமல் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சின்ன உறை 13பி. அதற்குள் வாக்குச்சீட்டு மட்டும் போக வேண்டும். ஒட்டிவிடுங்கள். பெரிய உறை 13சி. அதற்குள் ஒட்டிய சின்ன உறையும், 13ஏ என்கிற உறுதிமொழிப் படிவமும் போகும்.

[திரையில்: உறுதிமொழிப் படிவம் சின்ன உறைக்குள் போகிறது. மேலே சிவப்புக் குறுக்குக் கோடு]

தவறு நடப்பது இங்கேதான். எண்ணும் இடத்தில் முதலில் பெரிய உறையைத்தான் பிரிப்பார்கள். அதில் 13ஏ இல்லையா, கையெழுத்தோ, அது உங்கள் கையெழுத்துதான் என்று உறுதிசெய்யும் அதிகாரியின் சான்றொப்பமோ இல்லையா, படிவத்தில் உள்ள வரிசை எண்ணும் சின்ன உறை மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லையா, அவ்வளவுதான்: சின்ன உறையைப் பிரிக்காமலே நிராகரித்துவிடுவார்கள். உள்ளே ஓட்டு எவ்வளவு சரியாகப் போடப்பட்டிருந்தாலும் பயன் இல்லை.

வாக்குச்சீட்டில் ஒருவருக்கு நேராக மட்டும் பேனாவால் டிக்கோ குறுக்குக் கோடோ போடுங்கள். பெயர் எழுதினாலோ கையெழுத்துப் போட்டாலோ சீட்டு செல்லாது.

சான்றொப்பத்துக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்று கேட்டால், நம் குமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வரும் பக்கத்துத் தொகுதியைப் பாருங்கள்.

[திரையில்: ராதாபுரம், 2016]

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டு வித்தியாசத்தில் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. அப்பாவு வழக்குப் போட்டார். அங்கே நிராகரிக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள் அதில் முக்கியமானவை. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இட்டிருந்தார்கள். அது செல்லுமா என்பதுதான் கேள்வி. செல்லும் என்று சொல்லி, மறு எண்ணிக்கைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019-இல். ஓட்டுப் போட்டவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

சரி, பட்டாளத்தில் இருப்பவர்களுக்கு வருவோம். அவர்களுக்கு வாக்குச்சீட்டு இப்போது மின்னணு முறையில் போகிறது. பதிவிறக்கி, அச்சிட்டு, ஓட்டுப் போட்டு, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். தபால்தலை தேவையில்லை. எண்ணும் நாள் காலை 8 மணிக்கு முன் தேர்தல் நடத்தும் அதிகாரி கையில் கிடைத்தாக வேண்டும். காஷ்மீரிலிருந்து நாகர்கோவிலுக்குத் தபால் வர எத்தனை நாளாகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசும்போது, "மக்களே, ஓட்டு அனுப்பியாச்சா?" என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

தேர்தல் பணிக்குப் போகிற ஆசிரியர்களும் ஊழியர்களும் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. 2023-இல் விதி மாறியது. அவர்கள் ஓட்டுப் போடுவதற்கென்றே வைக்கிற வசதி மையத்திலேயே ஓட்டைப் போட்டுவிட வேண்டும்.

[திரையில்: படிவம் 12டி]

85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். 2024-க்கு முன்பு இந்த வயது 80 ஆக இருந்தது. பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வீட்டிலிருந்து ஓட்டுப் போட விண்ணப்பிக்கிற 12டி படிவத்தை வீட்டுக்கே கொண்டுவருவார். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். டிவியில் தேர்தல் தேதி சொல்கிற நாள் வேறு, அறிவிக்கை நாள் வேறு. 2024-இல் தேதி சொன்னது மார்ச் 16, அறிவிக்கை மார்ச் 20.

அப்புறம் வாக்குப்பதிவு அலுவலர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவார்கள். ஓட்டு ரகசியமாகவே நடக்கும். வீட்டார் எட்டிப் பார்க்கக் கூடாது. அன்று ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அதற்கு மேல் கிடையாது. இதற்கு ஒப்புக்கொண்டு பட்டியலில் சேர்ந்துவிட்டால், பிறகு மனம் மாறிப் பூத்துக்குப் போனாலும் ஓட்டுப் போட விட மாட்டார்கள்.

[திரையில்: தேங்காய்ப்பட்டணம் துறைமுகம், விசைப்படகுகள்]

கல்ஃபில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான 6ஏ படிவத்தில் பெயர் சேர்த்திருந்தாலும், பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வந்து பூத்தில்தான் போட வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கும் இல்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. தேர்தல் பணிக்குப் போகிறவருக்கு ஒரு வசதி மையம் வைக்க முடியும் என்றால், கடலுக்குப் போகிறவருக்கும் துறைமுகத்தில் ஒன்று வைக்கலாம். விதி மாறும் வரை, வாக்குப்பதிவுத் தேதிக்குள் கரைக்கு வர முடிந்தால்தான் அவர்களுக்கு ஓட்டு.