லுக்கு விட்டான் மிஸ்

வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆலோசகராக வேலை செய்கிறேன், பிள்ளைகளுக்கு நான் கவுன்சிலிங் மிஸ். பள்ளிக்கூடத்துப் பையன்களின் அடிதடி பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செய்தியில் 'திடீர் மோதல்' என்று வாசிக்கிறார்களே, அந்தத் திடீர் எனக்குப் புரிவதே இல்லை. கடைசி பெஞ்சுக்கு அது இரண்டு நாள் முன்பே தெரியும், கேட்டுக்கு வெளியே மாங்காய் விற்கிற அம்மாவுக்கும் தெரியும், ஆசிரியர் அறைக்கு மட்டும்தான் தெரியாது.

எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். "லுக்கு விட்டான் மிஸ்." அவ்வளவுதான். தை பிறந்தால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. எந்த ஊர் மாடு குறைந்த நொடியில் ஓடியது என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய வாய்ச்சண்டை, ராத்திரி யார் பேரும் சொல்லாத வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகி, திங்கட்கிழமை காலையில் வகுப்பே ஊர் வாரியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். ஊர் என்ற வார்த்தைக்குள் சாதியும் பதுங்கியிருக்கிறது, அதை மழுப்ப எனக்கு இஷ்டமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர் கையில் வண்ணக் கயிறு கூடாது என்றது. கயிற்றை அறுத்தால் சாதி போய்விடுமா என்கிறார்கள். போகாதுதான். ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் யார் எந்தப் பக்கம் என்று எனக்கே உடனே தெரிகிறது, பதினைந்து வயதுக்காரனுக்குத் தெரியாதா?

அறிவுரை அவர்களுக்குக் காலை பிரேயரிலேயே வயிறு முட்டக் கிடைத்துவிடும். நான் தேடுவது, பின்வாங்க நினைக்கிறவனுக்குக் கெத்து குறையாமல் ஒரு சாக்கு.

ஒரு பிளஸ் ஒன் பையன், தலைவலி என்று மத்தியானம் வந்து உட்கார்ந்தான். பையை என் மேசைமேல் வைத்தான், ஜிப் பாதி திறந்தபடி. டிபன் பாக்ஸுக்கு மேலே கிரீஸ் படிந்த சைக்கிள் செயின், ஒரு முனையில் பனியன் துணி சுற்றியிருந்தது. அடியில் ஒளித்திருக்கலாம், ஒளிக்கவில்லை. சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் சண்டையாம், போகாவிட்டால் டம்மி பீஸ் என்பார்களாம்.

நீ சொல்வது வெளியே போகாது, யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் போகும் என்று எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன், அவனிடமும் சொல்லியிருந்தேன். அதனால் தலைமையாசிரியரிடம் போனேன். ரெக்கார்டு முடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டி, ஆறு மணி வரை என் அறையில் எழுத வைத்தோம். எதிர்ப்பக்கத்துப் பையனை பி.டி. சார் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட வைத்தார். பஸ் ஸ்டாப்பில் வீடியோ எடுக்கக் காத்திருந்த கூட்டம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தது. அப்புறம்தான் உண்மையான வேலை, இருவரையும் தனித்தனியாக, பிறகு சேர்த்து, மூன்று வாரம்.

பதினெட்டு ஆகாதவனை ஒன்றும் செய்ய முடியாது என்று எந்த அண்ணனோ இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். 16 வயது முடிந்தவன் கொடுங்குற்றம் செய்தால், சிறார் நீதிக் குழுமம் மதிப்பிட்டு, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம் என்பது 2015ஆம் வருடச் சட்டம். அந்த அண்ணன் கூட வந்து நிற்பதில்லை.

பெற்றோர்களே, மகன் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டுச் சுற்றி வீட்டுக்கு வந்தால் கை ஓங்காமல் கேளுங்கள். கேட்கத் தெரியவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

அந்தப் பையன் மறுநாள் காலை முதல் பீரியடுக்கு முன்பே வந்து கதவைத் தட்டினான். செயினைத் திருப்பிக் கேட்டான். "அப்பா தேடுறாரு மிஸ், சைக்கிள் அப்படியே நிக்குது."