டூப் போட்டவன் பெயர் வரும்வரை விளக்கைப் போடாதீர்கள்

(கிளை நூலக அரங்கில், மாதாந்திரத் திரையிடலுக்கு முன் பேசியது. நண்பர்கள் கேட்டதற்காக எழுத்தில் தருகிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் இந்த அரங்கைத் திறந்துவிட்டு, வாசகர் நாற்காலிகளையெல்லாம் தன் கையாலேயே வரிசையாகப் போட்டுவைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, போன மாதம் இதே மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசி எங்களைக் கட்டிப்போட்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, தன் பள்ளியின் புரொஜெக்டரைப் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர் ஐயா அவர்களே (எனக்கு முதல் லைசென்ஸ் போட்டுக் கொடுத்த கை அந்தக் கை), டீயும் வடையும் அனுப்பிவிட்டுக் காசு வாங்க மறுக்கும் கடைக்கார அண்ணன் அவர்களே, மைக் செட் தம்பி, திரை கட்டிய தம்பிகள் இருவர், வந்திருக்கும் தாய்மார்கள், பெரியவர்கள், மாணவர்கள், எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒவ்வொருவராகச் சொல்லி நன்றி கூற நேரம் பிடிக்கத்தான் செய்யும், ஐயா. வேலை செய்தவரை விட்டுவிட்டு மேடையில் நிற்பவரை மட்டும் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனம் வராது. இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ஏமாற்றிய இரண்டாம் பாகம்'. நான் எடுத்துக்கொண்ட படம் 2003இல் வந்த '2 ஃபாஸ்ட் 2 ஃபியூரியஸ்' என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயப் படம். சற்று நேரத்தில் திரையில் அதைத்தான் பார்க்கப்போகிறோம். ஐந்து செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: கதை, நடிகர்கள், இயக்குநர், இசை, வண்டி ஓட்டம்.

முதலில் கதை. 2001இல் வந்த முதல் படத்துக்கு ஒரு நிஜமான வேர் இருந்தது. 1998இல் 'வைப்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் கென் லீ என்பவர் நியூயார்க் தெருக்களில் இரவில் கார்ப் பந்தயம் விடும் இளைஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து பிறந்த படம் அது. களத்தை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றிக்கொண்டார்கள். கால் மைல் தூரம், அதாவது நானூறு மீட்டர், பத்து நொடி. வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பையன்களுக்கு உலகமே அந்தப் பத்து நொடிதான். பிரையன் ஒரு போலீஸ்காரன், வேவு பார்க்க அந்தக் கூட்டத்துக்குள் நுழைகிறான். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். சாப்பிட்ட வீட்டையே காட்டிக்கொடுக்க வேண்டிய நிலை வருகிறது. கடைசியில் தன் கார்ச் சாவியை அந்தக் கூட்டத்தின் தலைவன் டாமினிக்கின் கையில் கொடுத்துத் தப்பவிடுகிறான். அந்தச் சாவி கை மாறும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. வண்டி ஓட்டிப் பிழைத்தவன் நான், சாவி கொடுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் பாகத்தில் அந்தத் தவிப்பு இல்லை. பிரையன் மயாமிக்கு வந்துவிட்டான். அரசு அதிகாரிகள் அவனைப் பிடித்து, ஒரு போதைப்பொருள் முதலாளியைச் சிக்கவைக்க உதவினால் உன் பழைய வழக்குகளை எல்லாம் துடைத்துவிடுகிறோம் என்கிறார்கள். பழைய நண்பன் ரோமனைக் கூட்டிக்கொண்டு போகிறான். அந்த முதலாளி நமக்கு யார்? அவனைக் காட்டிக்கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன? முதல் படத்தில் ஒருவரின் நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பந்தயம் விட்டான். இதில் அதிகாரி சொன்னதற்காக விடுகிறான். முதல் படத்துக்கு ஆன செலவு சுமார் 3.8 கோடி டாலர். இதற்கு அதைப்போல இரண்டு மடங்கு, 7.6 கோடி. வசூலோ சுமார் 20.7 கோடியிலிருந்து 23.6 கோடிக்குத்தான் ஏறியது.

நடிகர்கள். டாமினிக்காக நடித்த வின் டீசல் இதில் இல்லை. அந்த வீடு இல்லை, அந்தச் சாப்பாட்டு மேசை இல்லை. இயக்குநரைப் பற்றி மரியாதையோடுதான் பேச வேண்டும். ஜான் சிங்கிள்டன், 24 வயதில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். அந்தப் பரிந்துரையைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர், மிக இளையவரும் அவரே. 2019இல், 51 வயதில் காலமானார். அவ்வளவு பெரிய கை தொட்டும் இந்தப் படம் எழவில்லை என்பதுதான் என் வருத்தம். முதல் நாளே போய்ப் பார்த்தேன். டிக்கெட் காசு போனது பெரிதில்லை, முதல் படத்தின்மேல் இருந்த ஆசையும் சேர்ந்து போனது. என் அம்மா ஒரு பழமொழி சொல்வார்: "குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்." அதுதான் நடந்தது.

படத்தில் ஓர் இடம் இருக்கிறது, பாருங்கள். பிரையன் பக்கத்துச் சீட்டில் இருக்கும் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு, சாலையைப் பார்க்காமல், வேகமாக ஓட்டிக்கொண்டு போகிறான். திறமையாம்! மாணவர்களே, இப்படி ஒரு நொடி கண்ணை எடுத்ததால் போன உயிர்களை எனக்குத் தெரியும். அந்தக் காட்சிக்குத் தயவுசெய்து கைதட்டாதீர்கள்.

சரி, வண்டி ஓட்டத்துக்கு வருகிறேன். தொடக்கத்திலேயே ஒரு பந்தயம். தூக்குப் பாலத்தை மேலே தூக்கிவிடுகிறார்கள், வெள்ளி நிற நிசான் ஸ்கைலைன் அந்த இடைவெளியைத் தாண்டிப் பறக்கிறது. பிறகு ஒரு கொட்டகையிலிருந்து நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் சீறி வெளியே வருகின்றன. ஏமாற்றிய படத்திலும் என்னை நாற்காலி நுனிக்கு இழுத்த காட்சி அதுதான். ஒவ்வொரு ஸ்டியரிங்கும் ஒவ்வொருவன் கையில். ஒருவன் அரை நொடி தப்பினால் பின்னால் வருபவன் ஏறிவிடுவான். அவர்கள் யார்? நடிகரின் முகத்தைக் காட்டும் நெருக்கமான ஷாட்டுக்கும் வண்டி சீறும் தூர ஷாட்டுக்கும் நடுவில் ஒரு வெட்டு இருக்கிறதே, அந்த வெட்டுக்குள்தான் நாங்கள் இருக்கிறோம்.

'நாங்கள்' என்று சொல்லிவிட்டேன். இங்கே பாதிப் பேருக்கு என்னை டிரைவிங் ஸ்கூல்காரராகத்தான் தெரியும். அதற்கு முன் ஏழு வருஷம் சென்னையில் சினிமாவுக்கு வண்டி ஓட்டினேன். 1987. எனக்கு 24 வயது. செங்குன்றம் தாண்டி ஒரு வாய்க்கால் சாலையில் படப்பிடிப்பு. இடிந்துபோன மதகின் மேல் ஹீரோவின் அம்பாசடர் பறக்க வேண்டும். படத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம்.

சண்டைப் பயிற்சி மாஸ்டர் கணக்குப் போட்டார். அம்பாசடருக்கு எஞ்சின் முன்னால் இருக்கிறது. ராம்ப் என்ற சாய்வுப் பலகையில் ஏறிப் பறந்தால் மூக்குக் குத்திக்கொண்டுதான் விழும். அதற்காக டிக்கியில் நாலு மணல் மூட்டை வைத்துச் சமப்படுத்துவார்கள். முன்கண்ணாடியைக் கழற்றியாயிற்று. பெட்ரோலை வடித்து இரண்டு லிட்டர் மட்டும் விட்டாயிற்று. புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பெல்ட் ஒன்றைச் சீட்டில் வைத்து போல்ட் போட்டோம். காஸ்ட்யூமர் வந்து ஹீரோவின் மெரூன் கட்டம் போட்ட சட்டையை எனக்கு மாட்டி, தலையில் விக் வைத்துப் பின் குத்தினார். ஹீரோ குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். "ஷாட் முடிச்சிட்டுச் சாப்பிடுறேன் சார்" என்றேன். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். அடிபட்டால் டாக்டருக்கு வசதி.

மாஸ்டர் கொடியை இறக்கினார். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், முள் அறுபதைத் தொட்டது. ராம்ப் பலகையில் முன்சக்கரம் ஏறும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மூட்டை ஒன்று கட்டு அவிழ்ந்து நகர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் யாரால் என்ன செய்ய முடியும்? வண்டி பறந்தது, அக்கரையை அடைந்தது, ஆனால் மூக்கால் இறங்கியது. பெல்ட் தாங்கியது, காறை எலும்பு தாங்கவில்லை. இரண்டு விலா எலும்பும் போயிற்று. எனக்கு முதலில் கேட்டது கைதட்டல். யூனிட் முழுக்கக் கைதட்டியது. ஷாட் ஓகே.

யூனிட் வேனில் ரிஃப்ளெக்டர் பலகைகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மா கத்தரியை எடுத்தார், சட்டையைக் கத்தரித்தால்தான் தோளைத் தொட முடியும். என்னோடு வந்திருந்த புரொடக்ஷன் ஆள் குறுக்கே கையை நீட்டினார். "சிஸ்டர், கத்தரிச்சிடாதீங்க! நாளைக்கு ஹீரோவுக்கு இதே சட்டைதான் வேணும், கன்டினியூட்டி!"

கையைத் தூக்கித்தான் அந்தச் சட்டையைக் கழற்றினார்கள். ஒடிந்த பக்கத்துக் கையை.

தகவல் கிடைத்து அம்மா பஸ் பிடித்து வந்தபோது இரவு ஒன்பது மணி. சட்டை கதையைக் கேட்டார். அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பழமொழியைத்தான் சொன்னார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

படம் பொங்கலுக்கு வந்தது. கையில் கட்டோடு நான் வீட்டில் இருந்தேன். அம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டைட்டில் ஓட ஆரம்பித்ததும் தங்கச்சியின் தொடையைக் கிள்ளி, "அண்ணன் பேரு வந்துச்சாடி?" "இன்னும் வரலைம்மா." பாட்டு எழுதியவர், பாடியவர், ஒளிப்பதிவு, சண்டைப் பயிற்சி என்று மாஸ்டரின் பெயர் தனியாக வந்தது. "இப்போ?" "இல்லைம்மா." இடைவேளைக்குப் பிறகு அந்த மதகுக் காட்சி. விசில், காகிதத் துண்டு, கற்பூரம். அம்மா எழுந்து நின்று "எம் பையன்! அது எம் பையன்!" என்றாராம். பின்னால் இருந்தவர் "உக்காரும்மா, மறைக்குது" என்றார். படம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியிலாவது பெயர் வரும் என்று.

(இங்கே தலைவர் ஐயா எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு நன்றி.)

இது பழைய கதை இல்லை. இதே தொடரின் ஒன்பதாவது படத்தில் ஒரு கார் விண்வெளி வரைக்கும் போகிறது. அந்தப் படத்தின் படப்பிடிப்பில்தான், 2019 ஜூலையில், இங்கிலாந்தின் லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் ஒரு சண்டைக் கலைஞர் கட்டியிருந்த கயிறு விடுபட்டு 25 அடி உயரத்திலிருந்து விழுந்தார். மூளையில் நிரந்தரப் பாதிப்பு. 2023இல் நீதிமன்றம் தயாரிப்பு நிறுவனத்துக்கு 8 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. நம் மாநிலத்தில், 2025 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சி எடுத்தபோது ஒரு கலைஞர் உயிரையே விட்டார். தொலைக்காட்சியில் பார்த்த அன்று இரவு நான் தூங்கவில்லை. ராம்ப், கார், அதே வேலை.

பிரையனாக நடித்த பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று போனார். நண்பர் ஓட்டிய கார், 45 மைல் என்று பலகை வைத்த சாலை, வண்டியின் வேகம் 80க்கு மேல் இருந்தது என்றது போலீஸ் விசாரணை. நாற்பது வயது. பாதியில் நின்ற ஏழாவது படத்தை முடிக்க அவருடைய தம்பிகள் கேலப், கோடி இருவரும் அண்ணனுக்கு டூப்பாக நின்றார்கள். உலகம் முழுக்க அந்த இரண்டு டூப்களின் பெயரும் மரியாதையோடு பேசப்பட்டது. நான் கேட்பது அந்த மரியாதையில் ஒரு பங்கு.

ஆஸ்கர்காரர்கள் சண்டை வடிவமைப்புக்கு விருது தருவோம் என்று அறிவித்ததே 2025இல்தான். 2028இல் நூறாவது விழாவில் முதல் விருது. நம் தேசிய விருதில் 2017இலேயே தொடங்கிவிட்டார்கள், பீட்டர் ஹெய்ன் மாஸ்டர் முதலில் பெற்றார். நமக்குப் பெருமை. ஆனால் விருது மாஸ்டருக்கு. மதகைத் தாண்டியவனுக்கு?

இசையைப் பற்றிப் பேச வேண்டும், நேரம் இல்லை. இன்று உங்கள் கையெழுத்துக்காக வைத்திருக்கும் மனுவுக்கு வருகிறேன். மூன்று கோரிக்கைதான். ஒவ்வொரு படத்திலும் டூப் போட்ட ஒவ்வொருவரின் பெயரும், எந்தக் காட்சி என்ற குறிப்போடு, திரையில் வர வேண்டும். ஷாட்டுக்கு முன்பே இன்ஷூரன்ஸ் தாளின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். கார் பறக்கும் இடத்தில் ஆம்புலன்ஸ் நிற்காவிட்டால் கேமரா ஓடக்கூடாது. தொழிலாளர் துறைக்கும் தயாரிப்பாளர்களுக்கும் அனுப்பப்போகிறோம். வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது, நூலகர் அம்மா பேனா வைத்திருக்கிறார். பெயர், ஊர், கையெழுத்து. எழுதத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைக்கலாம், அதற்கு மைப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அமெரிக்கப் படங்களின் முடிவில் ஸ்டன்ட் டிரைவர்கள் பெயரெல்லாம் வரிசையாக ஓடும். நம் தியேட்டரில் அதற்குள் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். இன்று படம் முடிந்ததும் விளக்கைப் போட வேண்டாம் என்று மைக் செட் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார். சில நிமிடங்கள்தான். பெயர்கள் ஓடி முடியும்வரை தயவுசெய்து யாரும் எழுந்திருக்காதீர்கள். நன்றி, வணக்கம்.